இன்டர்காம் பெட்டியின் கடவுச்சொல் யாருடையது?

மலர்க் குழு அன்பர்கள் இந்த ஆண்டும் என்னிடம் கட்டுரை கேட்டார்கள். கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார்கள். "ஐயா, இந்தத் தடவை கல்வெட்டு வேண்டாம். நம்ம ஜனங்களுக்கு உபயோகப்படுற மாதிரி ஏதாவது எழுதுங்க" என்றார்கள். சரி என்று ஒப்புக்கொண்டேன். நான் மின்னணுவியல் படித்தவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து நாற்பது வருடங்களுக்கு முன் புனே வந்து, பூட்டு, கீல், தாழ்ப்பாள் என்று ஹார்டுவேர் கடை வைத்தே தலை நரைத்தவன். ஆகவே இக்கட்டுரையில் தொழில்நுட்பப் பிழை இருந்தால் பொறியாளர் அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். வியாபார நியாயத்தில் பிழை இருந்தால் மட்டும் என்னோடு சண்டைக்கு வரலாம்.

விமான் நகரில் நாங்கள் குடியிருக்கும் சொசைட்டியில் 84 வீடுகள். விமான நிலையம் கூப்பிடு தூரம் என்று பில்டர் சொல்லி விற்றார். விமானச் சத்தமும் கூப்பிடு தூரம்தான் என்பதை வந்த பிறகு தெரிந்துகொண்டோம். ஒவ்வொரு வீட்டு ஹாலிலும் ஓர் இன்டர்காம் போன் உண்டு. 9-ஐ அழுத்தினால் கேட்டில் இருக்கும் வாட்ச்மேன் எடுப்பார். செல்போன் வந்த பிறகு பிள்ளைகள் அதைத் தொடுவதே இல்லை. ஆனால் மகன் அமெரிக்காவிலும் மகள் பெங்களூரிலும் இருக்க, தனியாகக் காலந்தள்ளும் பெரியவர்களுக்கு அந்த 9 ஒரு தைரியம்.

2018-இல் கிழக்கு கேட்டை மூடிவிட்டு மேற்கு கேட்டைப் பிரதான வாசலாக்கினோம். வாட்ச்மேன் கேபினும் அங்கே போய்விட்டது. 9-ஐ அழுத்தினால் மணி மட்டும் பழைய கேபினிலேயே அடித்தது. இதை மாற்றுவது பத்து நிமிஷ வேலை. ஆனால் பெட்டிக்குள் நுழைய ஒரு கடவுச்சொல் வேண்டும். அது பில்டர் மூலம் பெட்டியை மாட்டிய கம்பெனியிடம் இருந்தது. கேட்டோம். "வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள், ஆள் அனுப்புகிறோம்" என்றார்கள். தொகை அதிகம் என்று கமிட்டி சொன்னது. "அப்படியானால் கடவுச்சொல்லையாவது கொடுங்கள், நாங்களே வேறு ஆளை வைத்து மாற்றிக்கொள்கிறோம்" என்றோம். அது கம்பெனி ரகசியம் என்று பதில் வந்தது. இப்படியே நாலு மாதம் கடிதப் போக்குவரத்து நடந்தது. அப்போது பொருளாளர் அடியேன்தான். பேரம் பேசுவது என் பிறவிக் குணம்.

அந்த மழைக்காலத்தில் ஓர் இரவு, மூன்றாம் மாடியில் தனியாக இருந்த எழுபத்தெட்டு வயது மராத்தி அம்மையார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். தவழ்ந்து ஹாலுக்கு வந்து, ஒயரைப் பிடித்து இழுத்துப் போனைக் கீழே தள்ளி, 9-ஐ அழுத்தியிருக்கிறார். பூட்டிக் கிடந்த பழைய கேபினில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. வாட்ச்மேனின் புது செல் நம்பரை நாங்கள் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தோம். தரையில் கிடப்பவர் அதைப் போய்ப் படிக்க முடியுமா? கீழ் வீட்டுக்காரர் முனகல் சத்தம் கேட்டு மேலே போனபோது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. இடுப்பு எலும்பு முறிவு. பிழைத்துக்கொண்டார். இன்றும் என்னைப் பார்த்தால் "நயினார் பாவ்" என்று அன்பாகத்தான் கூப்பிடுகிறார். எனக்குத்தான் முகம் கொடுத்துப் பேச முடிவதில்லை.

பெட்டிக்குள் கைவைக்காமல் கம்பியை மட்டும் மாற்றிப் போட்டிருந்தாலே காரியம் முடிந்திருக்கும் என்று பிற்பாடு ஒருவர் சொன்னார். உண்மைதான். ஆனால் எந்தக் கம்பி எந்த வீட்டுக்குப் போகிறது என்ற சார்ட்டும் எங்களிடம் இல்லை. அதுவும் "கம்பெனி ரகசியம்".

இந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதன் முழுப்பெயர் நீளமானது, கடைத்தெருவில் ஈ.பி.ஏ.பி.எக்ஸ். என்பார்கள். ஒரு கட்டடத்துக்குள்ளேயே அடங்கிய குட்டி டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் என்று வைத்துக்கொள்ளலாம். எக்ஸ்சேஞ்சைத் தானியங்கியாக்கியவர் அமெரிக்காவில் அல்மன் ஸ்ட்ரோஜர் என்ற சவ அடக்கத் தொழில் செய்தவர். எதிர்க்கடைக்காரரின் உறவுக்காரப் பெண் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து, தனக்கு வரவேண்டிய வாடிக்கையாளர்களை அங்கே திருப்பிவிடுகிறாள் என்ற சந்தேகத்தில் அவர் இதைக் கண்டுபிடித்ததாகக் கதை சொல்வார்கள். 1891-இல் காப்புரிமை பெற்றார். நடுவில் இருக்கும் ஆளை நம்பமுடியாமல் பிறந்த யந்திரம் இது. இன்று அதே யந்திரத்துக்குள் நடு ஆள் கடவுச்சொல் உருவில் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறார்! நம் நாட்டில் 1984-இல் தொடங்கப்பட்ட சி-டாட் நிறுவனம் 128 இணைப்புகள் கொண்ட பெட்டியை வடிவமைத்து, அந்தத் தொழில்நுட்பத்தைப் பல கம்பெனிகளுக்கு உரிமம் கொடுத்தது. அதன் பிறகே ஆஸ்பத்திரி, லாட்ஜ், மில் என்று எல்லா இடத்திலும் இந்தப் பெட்டி பரவியது எனலாம்.

பெட்டிக்குள் இருப்பது ஒரு சின்னக் கம்ப்யூட்டர். எந்த எக்ஸ்டென்ஷனுக்கு என்ன எண், யார் வெளியூருக்குப் பேசலாம், யார் பேசக்கூடாது, இரவில் மணி எங்கே அடிக்கவேண்டும் என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். எழுதுவதற்குத்தான் கடவுச்சொல். பெரும்பாலான பெட்டிகளில் இது இரண்டு படியாக இருக்கிறது. கீழ்ப்படிக்கு உள்ளதைக் கொண்டு உபயோகிப்பவர் சில்லறை மாற்றங்கள் செய்யலாம். மேல்படிக்கு உள்ளதைக் கொண்டு அடியோடு மாற்றலாம். நம் தகராறு மேல்படியைப் பற்றியது. அது தொலைந்தால் பெட்டியைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பலாம். ஆனால் அப்போது எழுதியது அத்தனையும் அழிந்துபோகும். கடைசியில் நாங்கள் அதைத்தான் செய்தோம். 84 வீட்டுக்கும் ஒவ்வொன்றாக எண் எழுதி முடிக்க இரண்டு நாள் பிடித்தது.

இனி என் கட்சியைச் சொல்கிறேன். திண்டுக்கல் பூட்டை எடுத்துக்கொள்வோம். (2019-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது என்பது எங்கள் தொழிலுக்குப் பெருமை.) நான் பூட்டு விற்கும்போது சாவி இரண்டானாலும் மூன்றானாலும் எல்லாவற்றையும் கொடுத்துவிடுகிறேன். ஒன்றை நான் வைத்துக்கொண்டு, "கதவு திறக்கணும்னா என்னைக் கூப்பிடுங்க, வருஷத்துக்கு இவ்வளவு கட்டுங்க" என்று சொன்னால் லக்ஷ்மி ரோட்டில் என்னை என்ன செய்வார்கள்?

சட்டமும் ஏறக்குறைய இதையே சொல்வதாக எனக்குப் படுகிறது. பணம் வராத வியாபாரிக்குச் சரக்கைப் பிடித்து வைக்கும் உரிமையை 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு தருகிறது. 49-ஆம் பிரிவோ, வாங்கினவர் கைக்குச் சரக்கு முறைப்படி போய்விட்டால் அந்த உரிமை தீர்ந்துபோகும் என்கிறது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு கைவினைஞர்களுக்கானது. வைரம் பட்டை தீட்டுபவர் கூலி வரும்வரை பொருளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம் என்று அந்தப் பிரிவே உதாரணம் காட்டுகிறது. பொருள் அவர்கள் கையில் இருக்கும்வரைதான் அந்த உரிமை. இன்டர்காம் பெட்டியோ எங்கள் சுவரில் தொங்குகிறது, பில்டர் பணமும் கட்டியாகிவிட்டது. கடவுச்சொல்லைக் கொடுக்காமல் வைத்திருப்பது, தீர்ந்துபோன பிடிப்புரிமையைப் பின்வாசல் வழியாக உயிரோடு வைத்திருப்பதே ஆகும். போதாததற்கு, வாங்கினவர் பொருளை இடையூறில்லாமல் அனுபவிக்கலாம் என்ற உறுதி விற்பனையிலேயே அடங்கியிருக்கிறது என்று சரக்கு விற்பனைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு கூறுகிறது. 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவில், உரிமையுள்ள ஒருவரைக் கம்ப்யூட்டருக்குள் நுழையவிடாமல் தடுப்பதும் குற்றங்களின் வரிசையில் இடம்பெறுகிறது. நான் வக்கீல் அல்லன். வக்கீல் அன்பர்கள் இதை யோசிக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

எதிர்க்கட்சியைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது அல்லவா? இதே தொழில் செய்யும் விழுப்புரத்துத் தம்பி ஒருவர் என் கடைக்கு ஸ்க்ரூ வாங்க வருவார். அவரிடம் கேட்டேன்.

"தம்பி, பூட்டு வித்தா நான் எல்லாச் சாவியையும் குடுத்துடறேன். நீங்க மட்டும் ஏன் ஒண்ணை இடுப்புலயே முடிஞ்சு வச்சிருக்கீங்க?"

"ஐயா, கதவு திறக்கலன்னு ராத்திரி பதினோரு மணிக்கு உங்களுக்கு யாராச்சும் போன் பண்றாங்களா? எனக்குப் பண்றாங்க. ஆரம்பத்துல நானும் குடுத்தவன்தான். ஒரு லாட்ஜுல குடுத்தேன். கவுன்டர்ல இருந்த பையன் எல்லா ரூமுக்கும் எஸ்.டி.டி. திறந்து விட்டுட்டான். அப்போ எஸ்.டி.டி. என்ன ரேட்டுன்னு உங்களுக்கே தெரியும். பில்லு வந்ததும் ஓனர் என்னைத்தான் திருடன்னாரு. இவனுங்க நோண்டிக் கெடுத்துட்டு, வாரண்டியில வந்து சரி பண்ணுன்னும் சொல்றாங்க. ஓசியில எத்தனை தடவை ஐயா போறது?"

நியாயம்தான். மேலும் கிளறினேன். கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு இன்னொன்றும் சொன்னார். "உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்கு? எனக்கு நூத்திச் சொச்சம் பார்ட்டி. எல்லாருக்கும் ஒரே நம்பர்தான் போட்டு வச்சிருக்கேன். ஒருத்தருக்குச் சொன்னா அத்தனை பேருக்கும் சொன்ன மாதிரி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நூறு வீட்டுக்கு ஒரே சாவி! அதுவும் இவரிடம் வேலை பார்த்துவிட்டு விலகிப்போன பையன்கள் எல்லோருக்கும் தெரிந்த சாவி. இந்தத் தொழிலில் ரகசியம் ரகசியம் என்று சொல்லப்படுவது பல இடங்களில் இதுதான். வாடிக்கையாளரைக் காப்பதற்காக மறைக்கிறோம் என்பார்கள். வாடிக்கையாளர் ஒருவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் அது தெரிந்திருக்கும்.

இதன் விபரீதம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் உதாரணம். 2009-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஒரு வழக்குப் பதிவானது. பிலிப்பைன்ஸிலிருந்த சிலர் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, ஐரோப்பா ஆகிய இடங்களில் 2,500-க்கும் மேற்பட்ட கம்பெனிகளின் டெலிபோன் பெட்டிகளுக்குள் நுழைந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அவற்றின் வழியாக ஐந்தரைக் கோடி டாலர் மதிப்புள்ள அழைப்புகள் பேசப்பட்டன என்று அரசுத் தரப்பு கூறியது. வெளியிலிருந்து கூப்பிட்டு, எண்ணை அழுத்தி, அந்தப் பெட்டியின் செலவில் வேறு நாட்டுக்குப் பேசும் வசதி பல பெட்டிகளில் உண்டு. தொழிற்சாலையில் போட்ட 1234 போன்ற எண்ணை மாற்றாமல் விட்டால், கைப்புத்தகம் வைத்திருக்கும் எவனும் நுழையலாம். அப்படி வரும் பில் பெட்டியை மாட்டியவர் பெயருக்கு வருவதில்லை. பெட்டிக்குச் சொந்தக்காரர் பெயருக்கே வரும். நஷ்டம் தன் தலையில் விழும் என்று தெரிந்தவனுக்குத்தான் சாவியைப் பத்திரப்படுத்த வேண்டும் என்ற அக்கறை வரும். மற்றவர் எவ்வளவு நல்லவரானாலும் அவ்வளவு அக்கறை வராது. வியாபாரத்தில் நான் கண்டறிந்த உண்மை இது.

கடவுச்சொல்லைக் கொடுக்க மறுத்தே ஜெயிலுக்குப் போனவரும் உண்டு. சான் பிரான்சிஸ்கோ நகராட்சியில் டெரி சைல்ட்ஸ் என்ற பொறியாளர் இருந்தார். நகரத்தின் கம்ப்யூட்டர் வலையமைப்பை அமைத்துக் காத்தவர். 2008 ஜூலையில் மேலதிகாரிகள் கடவுச்சொற்களைக் கேட்டபோது மறுத்துவிட்டார். கைது செய்தார்கள். ஜாமீன் தொகை ஐம்பது லட்சம் டாலர். கடைசியில் அவர் இருந்த சிறைக்கே வந்த மேயர் கேவின் நியூசமிடம் மட்டும் சொன்னார். 2010-இல் நான்கு ஆண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. அந்த நாட்களில் வலையமைப்பு ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அவர் தரப்பிலும் ஒரு நியாயம் இருந்தது. பலபேர் கூடியிருந்த அறையில், ஸ்பீக்கர் போனில் யார் யாரோ கேட்டுக்கொண்டிருக்கும்போது சொல்லச் சொன்னார்கள். தகுதியில்லாதவர் கையில் கொடுக்கமாட்டேன் என்றார். மறுத்தது தவறு என்றே நான் நினைக்கிறேன். ஆனால் கேட்ட முறையும் தவறு. எங்கள் கமிட்டி கூட்டத்தில் பதினைந்து பேர் முன்னால் அந்தத் தம்பி எண்ணை உரக்கச் சொன்னால் அது ஒப்படைப்பு ஆகுமா?

இந்த இடத்தில் சிறு வயதில் எங்கள் வீட்டில் பாடம் கேட்ட தத்துவார்த்த சூத்திரம் ஞாபகம் வருகிறது. அதன் ஏழாம் அத்தியாயத்தில் இல்லறத்தாரின் வாய்மை விரதத்துக்கு ஐந்து குற்றங்கள் சொல்லப்படுகின்றன. அவற்றில் ஒன்று நியாசாபகாரம். பிறர் நம்மை நம்பி வைத்ததை அபகரிப்பது என்று பொருள். அடுத்தே வருவது சாகார மந்திரபேதம், அதாவது பிறருடைய மறையை வெளியிட்டுவிடுவது. களவு பற்றிய இடத்தில் வைக்காமல் வாய்மை பற்றிய இடத்தில் இவற்றை ஏன் வைத்தார்கள் என்று வெகுநாள் யோசித்ததுண்டு. இந்த இன்டர்காம் விவகாரத்துக்குப் பிறகுதான் கொஞ்சம் விளங்கிற்று. இரண்டும் சொல்லைக் கொண்டு செய்யும் குற்றங்கள். கொடுக்கவேண்டியவனிடம் சொல்லாமல் இருப்பது ஒன்று, கூடாதவனிடம் சொல்வது மற்றொன்று. எங்கள் கம்பெனிக்காரர் முதலாவதைச் செய்தார், லாட்ஜ் முதலாளி கவுன்டர் பையனிடம் எண்ணைக் கொடுத்து இரண்டாவதைச் செய்தார்.

நம் நாட்டில் இன்டர்காம் பெட்டிக்காக யாரும் பெரிய வழக்கு நடத்தியதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் கார்களுக்காக நடந்திருக்கிறது. 2011-இல் ஒரு தனிமனிதர் கொடுத்த புகாரிலிருந்து தொடங்கிய வழக்கில், 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அவற்றில் டாடா, மெர்சிடஸ், வோக்ஸ்வாகன், ஃபியட் எல்லாம் நம் புனே சுற்றுவட்டாரத்தில் தொழிற்சாலை வைத்தவை. எங்கள் வாசலில் ஓடும் நகர் ரோட்டிலேயே போனால் ஃபியட்டின் ரஞ்சன்காவ் வரும். வெளி மெக்கானிக்குகளுக்கு உதிரி பாகங்களும், காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவிகளும், பழுது பார்க்கும் கைப்புத்தகங்களும் கிடைக்காதபடி செய்தார்கள் என்பது குற்றம். கம்பெனிகள் சொன்ன சமாதானம் என்ன? விஷயம் தெரியாத மெக்கானிக் கை வைத்தால் வண்டி கெட்டுவிடும், ஆபத்து, எங்கள் அறிவுச் சொத்து! விழுப்புரத்துத் தம்பியும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார். ஆணையம் ஏற்கவில்லை. அபராதத்தின் மேல் மேல்முறையீடுகள் போயின, அது வேறு விஷயம். 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை பழுது பார்க்கும் உரிமைக்கென்றே ஓர் இணையதளம் தொடங்கியது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டுச் சாதனம், வாகனம் என்று நாலு துறைகளை எடுத்துக்கொண்டார்கள்.

கட்டடம் வாங்குகிறவர்களுக்கு 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 17-ஆம் பிரிவு முக்கியமானது. குறித்த காலத்துக்குள் பில்டர் தேவையான ஆவணங்களையும் வரைபடங்களையும் குடியிருப்போர் சங்கத்திடம் ஒப்படைக்கவேண்டும். எங்கள் கட்டடம் அதற்கு முந்தியது. புதிதாகக் கராடி பக்கம் வீடு வாங்கும் நம்மவர்கள், தண்ணீர்க் குழாய் வரைபடத்தோடு இன்டர்காம் சார்ட்டையும் கடவுச்சொல்லையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தேவையான ஆவணங்கள் என்பதில் அதுவும் அடங்கும் என்று வாதாடலாம். குடியேறி எட்டு வருஷம் கழித்துக் கேட்ட எங்களுக்கு வாதாட வாயில்லை. எங்கள் தரப்புக் குற்றம் அது.

பாங்க் லாக்கரில் இரண்டு சாவி உண்டு. ஒன்று நம்முடையது, மற்றது பாங்கினுடையது, இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். அதுபோலவே இங்கும் வைத்துக்கொள்ளலாமே என்று ஓர் அன்பர் கேட்டார். பொருந்தாது. லாக்கர் பாங்கின் சொத்து, நாம் வாடகைக்கு இருப்பவர்கள். பெட்டியை வாடகைக்குக் கொடுத்திருந்தால் கம்பெனி ஒரு சாவியை வைத்துக்கொள்ளட்டும், ஆட்சேபணை இல்லை. விற்றுவிட்ட பிறகு, சொந்தக்காரர் சம்மதித்துக் கொடுத்தால் மட்டுமே அவர் கையில் இருக்கலாம்.

தம்பியின் கஷ்டத்துக்கும் வழி சொல்லவேண்டுமே. அவரோடு உட்கார்ந்து பேசி எங்கள் சொசைட்டிக்கு ஓர் ஏற்பாடு செய்தோம். எங்களுக்கென்று தனி எண். அதை அவர் கைப்பட எழுதி, எக்ஸ்டென்ஷன் சார்ட்டோடும் புரோகிராமின் நகலோடும் கவரில் வைத்து அரக்கு முத்திரை போட்டுக் கொடுத்தார். தலைவரும் செயலாளரும் குறுக்கே கையெழுத்துப் போட்டார்கள். முத்திரை உடையாமல் இருக்கும்வரை கெட்டது எதுவானாலும் அவர் பொறுப்பு. உடைத்துவிட்டால் அவர் திரும்ப வந்து சரி செய்யக் கூலி உண்டு, வாரண்டி பேச்சு கிடையாது. கீழ்ப்படி எண் மட்டும் செயலாளரிடம் இருக்கிறது. கேட் மாறினால் 9-ஐ நாங்களே மாற்றிக்கொள்ளலாம். தம்பி சந்தோஷமாகத்தான் போனார். மற்ற பார்ட்டிகளுக்கும் தனித்தனி எண் போடுகிறேன் என்று ஒரு நோட்டும் வாங்கினார். கடைசியாகப் பார்த்தபோது இருபத்தி மூன்று பார்ட்டி முடிந்திருந்தது. "மீதிப் பேருக்கு?" என்றேன். "அவங்க யாரும் கேக்கலையே ஐயா" என்றார்.

கவர் இப்போது சொசைட்டியின் இரும்புப் பீரோவில் இருக்கிறது. இதுவரை உடைக்கவில்லை. அடுத்த மாதம் லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் முடிகிறது. லிஃப்டின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் ஒரு கடவுச்சொல் உண்டாம். கேட்டு எழுதியிருக்கிறோம், பதில் இன்னும் வரவில்லை.